பியானோ கிரேடு தேர்வுகள்: ஏபிஆர்எஸ்எம்மா, டிரினிட்டியா?

உங்கள் மகளுக்குப் பதினொரு வயது. டிரினிட்டி என்ற பிரிட்டன் இசைத் தேர்வு வாரியத்தில், எட்டுக் கிரேடுகளில் மூன்றாவதைப் பியானோவில் மெரிட்டுடன் முடித்திருக்கிறாள். புதிதாக வந்த ஆசிரியை ஏபிஆர்எஸ்எம் என்ற இன்னொரு பிரிட்டன் வாரியத்துக்கு மாறச் சொல்கிறார். டிரினிட்டி சுலபம், ஏபிஆர்எஸ்எம்முக்குத்தான் மதிப்பு என்று தெரிந்தவர்களும் சொல்கிறார்கள். மாறலாமா, மாறினால் மறுபடி முதல் கிரேடிலிருந்து தொடங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தேர்வுகளுக்கும் பிள்ளைகளைத் தயார் செய்து வரும் ஆசிரியர் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டிய தேவையே இல்லை. இரண்டு வாரியங்களிலும் வயது வரம்பு கிடையாது. கிரேடுகளை வரிசையாக எழுத வேண்டும் என்ற விதியும் கிடையாது. டிரினிட்டியில் மூன்றாம் கிரேடு முடித்தவள் ஏபிஆர்எஸ்எம்மில் நேராக நான்காம் கிரேடு எழுதலாம். ஆசிரியைக்கு நம்பிக்கை இருந்தால் ஐந்தாம் கிரேடே எழுதலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தடை உண்டு. ஏபிஆர்எஸ்எம்மில் ஆறு, ஏழு, எட்டாம் கிரேடுகளுக்கு விண்ணப்பிக்கும் முன் ஐந்தாம் கிரேடு தியரியிலோ (இசைக் கோட்பாட்டுத் தேர்வு) வாரியம் அதற்கு ஈடாக ஏற்கும் வேறு சில தேர்வுகளில் ஒன்றிலோ தேறியிருக்க வேண்டும். டிரினிட்டியில் இந்த நிபந்தனை இல்லை. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மதிப்பைப் பொறுத்தவரை, பிரிட்டனின் கல்வித் தகுதிச் சட்டகம் இரண்டையும் ஒரே தட்டில்தான் வைத்திருக்கிறது. எந்த வாரியமானாலும் 1 முதல் 3 வரையிலான கிரேடுகள் அந்தச் சட்டகத்தின் முதல் நிலையிலும், 4, 5 இரண்டாம் நிலையிலும், 6 முதல் 8 வரை மூன்றாம் நிலையிலும் வருகின்றன. பிரிட்டன் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் புள்ளிகளும் அப்படியே: எட்டாம் கிரேடில் பாஸ் வாங்கினால் 18, மெரிட்டுக்கு 24, டிஸ்டிங்ஷனுக்கு 30, வாரியத்தின் பெயரைப் பார்த்து ஒரு புள்ளிகூடக் கூடுவதோ குறைவதோ இல்லை. இந்தப் புள்ளிகள் பிரிட்டனில் படிக்க விண்ணப்பிப்பவருக்கு மட்டுமே பயன்படும்; அங்கும் போட்டி மிகுந்த படிப்புகள் பல, புள்ளிகளைக் கணக்கில் கொள்ளாமல் பாட மதிப்பெண்களையே பார்க்கின்றன. ஆகவே கல்லூரி இடத்தை மனத்தில் வைத்து வாரியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நம் ஊரில் பரவலாக உள்ள ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட விரும்புகிறேன். இவை தேர்வு வாரியங்கள், கல்லூரிகள் அல்ல. ஏபிஆர்எஸ்எம் 1889-இல் லண்டனின் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக், ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் ஆகிய இரு கல்லூரிகளும் சேர்ந்து ஏற்படுத்திய பொதுத் தேர்வு அமைப்பு; 1947-இல் மான்செஸ்டர், ஸ்காட்லாந்துக் கல்லூரிகளும் அதில் இணைந்தன. டிரினிட்டியின் தேர்வுகள் 1870-களில், 1872-இல் தொடங்கப்பட்ட டிரினிட்டி இசைக் கல்லூரியிலிருந்து பிறந்தவை. இன்று அந்தக் கல்லூரி வேறு பெயரில் தனியாக நடக்கிறது, தேர்வு வாரியம் டிரினிட்டி காலேஜ் லண்டன் என்ற பெயரில் தனியாக இயங்குகிறது. இளையராஜா கிளாசிக்கல் கிட்டாரில் டிரினிட்டியின் தங்கப் பதக்கம் பெற்றவர் என்பதால் தமிழ்நாட்டில் அந்தப் பெயர் வீடுதோறும் தெரிந்த பெயராகிவிட்டது. ஆனால் கிரேடு தேர்வு எழுதிய பிள்ளை அந்தக் கல்லூரியில் படித்ததாக ஆகாது. தெருமுனை இசைப்பள்ளிகள் பெயர்ப்பலகையில் இந்த வாரியங்களின் பெயரைப் போட்டிருந்தால், அந்தத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறார்கள் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் தேட வேண்டாம்.

இனி ‘டிரினிட்டி சுலபம்’ என்ற பேச்சுக்கு வருகிறேன். மதிப்பெண் பங்கீட்டைப் பார்த்தால்தான் இதற்கு நேர்மையான பதில் சொல்ல முடியும்.

ஏபிஆர்எஸ்எம்மின் நேர்முகத் தேர்வுக்கு, அதாவது தேர்வாளர் முன் நேரில் வாசிக்கும் தேர்வுக்கு, மொத்தம் 150 மதிப்பெண். மூன்று பீஸ்களுக்கு (தயார் செய்து வாசிக்கும் இசைப் படைப்புகள்) தலா 30, ஸ்கேல் – ஆர்பெஜியோ என்னும் ஸ்வர வரிசைப் பயிற்சிகளுக்கு 21, முன்பு பார்க்காத இசைக்குறிப்பை அப்போதே பார்த்து வாசிக்கும் சைட் ரீடிங்குக்கு 21, காதால் கேட்டறியும் திறனைச் சோதிக்கும் ஆரல் டெஸ்ட்டுக்கு 18. நூறு எடுத்தால் பாஸ், 120 எடுத்தால் மெரிட், 130 எடுத்தால் டிஸ்டிங்ஷன். டிரினிட்டியில் மொத்தம் 100: மூன்று பீஸ்களுக்குத் தலா 22, டெக்னிக்கல் வொர்க் என்னும் ஸ்கேல் மற்றும் பயிற்சிகளுக்கு 14, துணைத் தேர்வுகள் இரண்டுக்குத் தலா 10. அங்கே 60 பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். விழுக்காட்டுக்கு மாற்றினால் ஸ்கேலுக்கு இரண்டிலும் சரியாக 14 விழுக்காடுதான். பீஸ்களுக்கு ஏபிஆர்எஸ்எம்மில் 60, டிரினிட்டியில் 66. சைட் ரீடிங், ஆரல் இரண்டும் சேர்ந்து ஏபிஆர்எஸ்எம்மில் 26. டிரினிட்டியில் துணைத் தேர்வுகள் இரண்டும் சேர்ந்து 20.

இந்தச் சிறிய வேறுபாடு எங்கே பெரிதாகிறது என்று பாருங்கள். பீஸ்களை மிக நன்றாக வாசிக்கும் ஒரு பிள்ளை ஏபிஆர்எஸ்எம்மில் ஒவ்வொன்றுக்கும் 26 வாங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 78 ஆகிறது, பாஸாக மீதமுள்ள 60-இல் இன்னும் 22 வேண்டும். அதே வாசிப்புக்கு டிரினிட்டியில் ஒவ்வொன்றுக்கும் 19 கிடைத்தால் 57 ஆகிவிடுகிறது. மீதமுள்ள 34-இல் 3 கிடைத்தாலே பாஸ். ஆக, பீஸில் வலுவாகவும் மற்றவற்றில் பலவீனமாகவும் உள்ள பிள்ளைக்கு டிரினிட்டியில் வெறும் தேர்ச்சி எளிது என்பது உண்மைதான். ஆனால் அதே பிள்ளை டிஸ்டிங்ஷன் வாங்க வேண்டுமானால் ஏபிஆர்எஸ்எம்மில் மீதமுள்ள 60-இல் 52-உம், டிரினிட்டியில் 34-இல் 30-உம் எடுக்க வேண்டும். அதாவது முன்னதில் 87 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு, பின்னதில் 88 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். மேல்நிலையில் டிரினிட்டி சுலபம் என்ற பேச்சுக்கு இடமே இல்லை. உங்கள் மகள் வாங்கியிருக்கும் மெரிட் உழைப்பில்லாமல் வருவதன்று. அதைக் குறைத்துப் பேசும் யாரையும் அவள் காதுபடப் பேச விடாதீர்கள்.

உண்மையான வேறுபாடு எது சுலபம் என்பதில் இல்லை. ஒவ்வொரு வாரியமும் பிள்ளையை எதைச் செய்ய வைக்கிறது, எதைச் செய்யாமல் இருக்க அனுமதிக்கிறது என்பதில்தான் இருக்கிறது. ஏபிஆர்எஸ்எம் நேர்முகத் தேர்வில் விருப்பத் தேர்வு கிடையாது. முதல் கிரேடிலிருந்தே சைட் ரீடிங்கும் ஆரலும் கட்டாயம். டிரினிட்டியில் ஐந்தாம் கிரேடு வரை சைட் ரீடிங், ஆரல், இம்ப்ரொவைசேஷன், இசையறிவுக் கேள்விகள் ஆகிய நான்கில் ஏதேனும் இரண்டை நாமே தேர்ந்தெடுக்கலாம். நல்ல ஆசிரியர் கையில் இது மிகப் பெரிய வாய்ப்பு. கொடுத்த சிறு இசைக்குறிப்பிலிருந்தோ சில கார்டுகளிலிருந்தோ (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) தானாக ஒன்றைக் கட்டி வாசிக்கும் பிள்ளைக்கு அந்தத் திறமைக்கு மதிப்பெண் கொடுப்பதும், மூன்று பீஸ்களில் ஒன்றுக்குப் பதிலாகத் தானே இயற்றியதை வாசிக்க இடம் கொடுப்பதும் டிரினிட்டியின் தனிச்சிறப்பு. கற்பனையுள்ள பிள்ளைகள் இதனால் மலர்வதைக் கண்டிருக்கிறேன்.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், சைட் ரீடிங் கடினம் என்று ஆசிரியரும் பெற்றோரும் சேர்ந்து அதை ஒதுக்கிவிட்டு, ஆரலையும் இசையறிவுக் கேள்விகளையும் ஐந்தாம் கிரேடு வரை ஓட்டுகிறார்கள். ஆறாம் கிரேடில் டிரினிட்டியிலும் சைட் ரீடிங் கட்டாயமாகிவிடுகிறது. ஐந்து ஆண்டுகள் தொடாத ஒன்றை ஆறாம் கிரேடு தரத்தில் திடீரென்று வாசி என்றால் எந்தப் பிள்ளையும் திணறும். இரண்டு கைகளுக்கும் உரிய வரிகளை ஒருசேரப் படித்து வாசிக்கும் பழக்கம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே வரும். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதத்தில் வராது. உங்கள் மகள் இதுவரை எந்த இரண்டைத் தேர்ந்தெடுத்தாள் என்பதை அவளுடைய ரிப்போர்ட்டில் பாருங்கள். சைட் ரீடிங் அதில் இல்லையென்றால், வாரியத்தை மாற்றுவது பற்றி யோசிப்பதற்கு முன் அதைச் சரிசெய்ய வேண்டும். புதிய ஆசிரியை மாறச் சொல்வதற்கும் ஒருவேளை இதுவே காரணமாக இருக்கலாம்; அவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

ஆரல் டெஸ்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் தனி நிலை உண்டு. ஏபிஆர்எஸ்எம்மில் பாடிக் காட்ட வேண்டும்: தேர்வாளர் வாசித்த சிறு வரியைத் திருப்பிப் பாடுவது, நான்காம் கிரேடிலிருந்து எழுதப்பட்ட ஸ்வரங்களைப் பார்த்துப் பாடுவது, மேல் கிரேடுகளில் சேர்ந்தொலிக்கும் வரிகளிலிருந்து கீழ் வரியை மட்டும் பிரித்தெடுத்துப் பாடுவது என்று போகும். டிரினிட்டியின் ஆரல் பெரும்பாலும் கேட்டுப் பதில் சொல்வது. கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகள் கேட்டதைத் திருப்பிப் பாடுவதில் மிக வேகமாக முன்னேறுகிறார்கள். ஒரே ஒரு திருத்தம், ஸ்வரத்துக்கு ஸ்வரம் இழைத்துப் பாடும் பழக்கத்தை இங்கே சற்று அடக்கி, ஒவ்வொரு ஸ்வரத்தையும் நேராக நிறுத்த வேண்டும். மாறாக, ஒரே நேரத்தில் ஒலிக்கும் கார்டுகளைப் பிரித்துக் கேட்பது, கேடென்ஸை (இசைச் சொற்றொடரை முடிக்கும் கார்டு வரிசை) அடையாளம் காண்பது, பாட்டு நடுவில் வேறு கீக்கு (ஆதார ஸ்வர அமைப்பு) மாறியதைச் சொல்வது ஆகியவை அவர்களுக்கு முற்றிலும் புதியவை. அதற்கென்று தனியே நேரம் ஒதுக்காத ஆசிரியரிடம் மேல் கிரேடு ஏபிஆர்எஸ்எம் எழுதினால் அங்கே மதிப்பெண் கரையும்.

தேர்வுக்குப் பின் கிடைக்கும் ரிப்போர்ட்டிலும் வேறுபாடு உண்டு. டிரினிட்டி ஒவ்வொரு பீஸுக்கும் உரிய 22-ஐ மூன்றாகப் பிரித்துத் தருகிறது: சரளத்துக்கும் பிழையின்மைக்கும் 7, விரல் திறனுக்கு 7, இசையைக் கேட்பவரிடம் கொண்டுசேர்த்த விதத்துக்கு 8. எங்கே குறைந்தது என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும். ஏபிஆர்எஸ்எம் ஒரு பீஸுக்கு ஒரே மதிப்பெண் கொடுத்து, காரணத்தைக் குறிப்பாக எழுதுகிறது. தேர்ச்சிக்கு உரிய 20-ஐ நடுவில் வைத்து, சுருதி, காலம், நாதம், வடிவம், வாசிப்பின் உயிர்ப்பு ஆகியவற்றைப் பார்த்து அதற்கு மேலோ கீழோ நகர்வது அவர்கள் முறை. பெற்றோர் படித்துப் புரிந்துகொள்ள டிரினிட்டி ரிப்போர்ட் எளிது என்பது என் எண்ணம்.

2020-க்குப் பிறகு வந்த வீடியோ தேர்வுகள் இந்த ஒப்பீட்டையே ஓரளவு மாற்றிவிட்டன. ஏபிஆர்எஸ்எம்மின் பெர்ஃபார்மன்ஸ் கிரேடில் ஸ்கேலும் இல்லை, சைட் ரீடிங்கும் இல்லை, ஆரலும் இல்லை. நான்கு பீஸ்களை இடையில் நிறுத்தாமல் ஒரே பதிவாக வாசித்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பீஸுக்கும் 30, மொத்த நிகழ்ச்சியாக அமைந்த விதத்துக்கு இன்னொரு 30. நான்காவது பீஸ் நம் சொந்தத் தேர்வாக இருக்கலாம். டிரினிட்டியின் டிஜிட்டல் தேர்வில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் மூன்று பீஸ்களோடு டெக்னிக்கல் வொர்க்கும் வாசிக்க வேண்டும், மற்றதில் நான்கு பீஸ்கள் மட்டும். தேர்வு மையம் தொலைவில் உள்ள ஊர்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே ஒரு வரம். ஆனால் சைட் ரீடிங்கும் ஆரலும் இல்லாமல் எட்டாம் கிரேடு சான்றிதழ் வாங்கும் வழியும் இதனால் திறந்திருக்கிறது. சான்றிதழின் மட்டம் ஒன்றுதான். வாசிப்பவரின் கையில் உள்ள திறமை ஒன்றல்ல. வளரும் வயதில் உள்ள பிள்ளைக்கு ஐந்தாம் கிரேடு வரையாவது நேர்முகத் தேர்வையே பரிந்துரைப்பேன். மேடை வாசிப்பில் நாட்டம் கொண்ட பெரிய மாணவருக்கும், வேலைக்குப் போய்க்கொண்டே கற்கும் பெரியவருக்கும் பெர்ஃபார்மன்ஸ் கிரேடு மிகப் பொருத்தம்.

இப்போது அந்தத் தியரித் தடை. ஏபிஆர்எஸ்எம்மின் ஐந்தாம் கிரேடு தியரி இப்போது இணையவழித் தேர்வு; 75 மதிப்பெண்ணில் 50 எடுத்தால் பாஸ். கீ சிக்னேச்சர்கள் (கீயைக் காட்டும் குறிகள்), இன்டர்வல்கள் (ஸ்வரங்களுக்கு இடையிலான தொலைவு), டிரான்ஸ்போசிஷன் (வேறு கீக்கு மாற்றி எழுதுவது), அடிப்படைக் கார்டுகள், இசைச் சொற்கள் ஆகியவை பாடம். பல குடும்பங்கள் ஐந்தாம் கிரேடு பியானோ முடிந்த பிறகே இதை நினைத்துப் பார்க்கின்றன. ஆறாம் கிரேடுக்குப் போக முடியாமல் ஓர் ஆண்டு வீணாகிறது, அல்லது தியரியிலிருந்து தப்பிப்பதற்காகவே டிரினிட்டிக்கு ஓடுகிறார்கள். இந்தக் கடைசிக் காரணத்துக்காக வாரியம் மாறுவதை நான் ஏற்பதில்லை. ஆறாம் கிரேடு பீஸ்களில் கீ எங்கே மாறுகிறது, இசைச் சொற்றொடர் எங்கே முடிகிறது என்று தெரியாத பிள்ளை, விரல் நினைவை மட்டும் நம்பி வாசிக்கிறது; தேர்வறையில் ஒரு ஸ்வரம் தவறினால் எங்கிருந்து மீண்டும் பிடிப்பது என்று அதற்குத் தெரியாது. டிரினிட்டியிலேயே தொடர்ந்தாலும் தியரியைப் படிக்க வையுங்கள்.

மற்ற வாரியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டன் காலேஜ் ஆஃப் மியூசிக்கின் தேர்வில், வாசித்த பீஸ்களைப் பற்றித் தேர்வாளருடன் உரையாடும் பகுதி ஒன்று உண்டு. நன்றாகப் பேசக்கூடிய பிள்ளைகளுக்கு ஏற்றது. 1991-இல் தொடங்கிய ராக்ஸ்கூல், பாப், ராக் வகை இசையையே பாடமாகக் கொண்டது. மேற்கத்திய கிளாசிக்கலில் பிடிப்பில்லாத பதின்ம வயதுப் பிள்ளை பியானோவையே விட்டுவிடும் நிலையில் இருந்தால், இங்கே மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. ஆஸ்திரேலியாவில் ஏஎம்இபி என்னும் அந்நாட்டு வாரியம் வலுவானது.

கனடாவில் குடியேறும் எண்ணம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். டொரன்டோவின் ராயல் கன்சர்வேட்டரி 1886-இல் தொடங்கப்பட்டது. அதன் தேர்வில் எட்டு கிரேடுகளுக்குப் பதில் பத்து லெவல்கள். எட்யூட் எனப்படும் பயிற்சிப் பீஸ்களும் கட்டாயம், மனப்பாடமாக வாசிப்பதற்குத் தனி மதிப்பெண்ணும் உண்டு. ஒன்டாரியோவில் ஏழாம், எட்டாம் லெவல்களை உரிய தியரியோடு முடித்தால் பள்ளியின் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக் கிரெடிட்டாகவே ஏற்கிறார்கள். ஸ்கார்பரோவில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பல இந்த வழியில் பிள்ளைகளை அனுப்புவது அதனால்தான். ஏபிஆர்எஸ்எம்மின் எட்டாம் கிரேடும் அங்கே எட்டாம் லெவலும் ஒன்றல்ல. பத்தாம் லெவல் ஏபிஆர்எஸ்எம்மின் எட்டாம் கிரேடுக்கும் சற்று மேலே போகிறது.

இன்னொன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளின் சான்றிதழில் ‘பியானோ’ என்று இருக்கிறதா, ‘எலெக்ட்ரானிக் கீபோர்டு’ என்று இருக்கிறதா? நம் ஊரில் பல பிள்ளைகள் 61 கட்டைகள் கொண்ட கீபோர்டில் கற்று, டிரினிட்டியின் எலெக்ட்ரானிக் கீபோர்டு தேர்வை எழுதுகிறார்கள். வீட்டில் அதைப் பியானோ கிரேடு என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அது தரமான தேர்வுதான், ஆனால் வேறு பாடத்திட்டம். அங்கே இடது கை பெரும்பாலும் கார்டைப் பிடிக்க, கருவியே தாளத்தையும் பின்னணியையும் தருகிறது; ஒலிகளையும் ஸ்டைல்களையும் மாற்றிக் கையாளும் திறன் சோதிக்கப்படுகிறது. பியானோவில் இரண்டு கைகளும் தனித்தனியாகப் பாட வேண்டும், பெடலைக் காதால் கேட்டு மிதிக்க வேண்டும், கட்டையின் எடையை விரல் உணர வேண்டும். கீபோர்டில் ஐந்தாம் கிரேடு முடித்த பிள்ளையைப் பியானோ ஆறாம் கிரேடுக்கு உட்காரவைத்தால் அது உடைந்துபோகும்; இரண்டாம் அல்லது மூன்றாம் கிரேடு பீஸ்களிலிருந்து கைகளைப் பழக்க வேண்டும். உங்கள் வீட்டில் எந்தக் கருவி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அகௌஸ்டிக் பியானோ இல்லையென்றால், எடையுள்ள 88 கட்டைகளும் சஸ்டெய்ன் பெடலும் கொண்ட டிஜிட்டல் பியானோவாவது நான்காம் கிரேடிலிருந்து அவசியம். வாரியத்தை மாற்ற ஆகும் யோசனையையும் செலவையும்விட இது முக்கியம்.

ஆண்டுக்கு மூன்றே பீஸ்களை வாசித்துத் தேர்வெழுதி, மறுநாளே அடுத்த கிரேடு புத்தகத்தைத் திறக்கும் வழக்கத்தைப் பற்றி எனக்கு உண்மையான கவலை உண்டு. எந்த வாரியமும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவர்கள் கேட்பது அந்த ஆண்டில் கற்ற பலவற்றிலிருந்து மூன்று. எட்டாம் கிரேடு முடித்தும் கேட்ட மாத்திரத்தில் ஒரு பிறந்தநாள் பாட்டைக்கூட வாசிக்கத் தயங்கும் பிள்ளைகள் உருவாவது இந்த வழக்கத்தால்தான். இரண்டு கிரேடுகளுக்கு நடுவே ஆறு மாதமாவது எடுத்து, முடித்த கிரேடுக்குச் சமமாகவோ அதற்கும் எளிதாகவோ உள்ள பத்துப் பன்னிரண்டு பீஸ்களை வாசிக்கச் சொல்லுங்கள். சைட் ரீடிங் வளர்வதும் அப்போதுதான்.

ஆகவே உங்கள் மகளுக்கு நான் சொல்வது இதுதான். நான்காம் கிரேடை டிரினிட்டியிலேயே எழுதட்டும். ஆனால் துணைத் தேர்வுகளில் ஒன்றாகச் சைட் ரீடிங்கை எடுக்க வேண்டும். அதே காலத்தில் தியரியைத் தொடங்கி, ஐந்தாம் கிரேடு பியானோவுக்கு முன்போ அதனுடனோ ஏபிஆர்எஸ்எம்மின் ஐந்தாம் கிரேடு தியரியை முடித்துவிடட்டும். அதன்பின் இரண்டு கதவுகளும் திறந்திருக்கும். அவளுக்கு இம்ப்ரொவைசேஷனிலும் சொந்தமாக இயற்றுவதிலும் ஆர்வம் இருந்தால் டிரினிட்டியில் தொடரலாம். பாடுவதிலும் காதால் பிரித்துக் கேட்பதிலும் வலுவிருந்தால் ஆறாம் கிரேடை ஏபிஆர்எஸ்எம்மில் எழுதலாம். புதிய ஆசிரியைக்கு ஏபிஆர்எஸ்எம் முறை மட்டுமே பழக்கம் என்றால், இப்போதே நான்காம் கிரேடிலேயே மாறுவதும் சரிதான். தனக்கு நன்றாகத் தெரிந்த பாடத்திட்டத்தில் ஆசிரியர் கற்பிப்பது பிள்ளைக்கு நல்லது. அப்படி மாறினால், முதல் தேர்வுக்கு முன் ஆரல் டெஸ்ட்டில் பாடிப் பழக ஒரு முழுப் பருவம் கொடுங்கள். புத்தகம் வாங்குமுன் அட்டையில் உள்ள ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஏபிஆர்எஸ்எம்மின் பியானோ பாடத்திட்டம் அண்மைக் காலமாக 2021–22, 2023–24, 2025–26 என்று இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாறி வருகிறது, காலாவதியான பட்டியலிலிருந்து பீஸைத் தயார் செய்துவிட்டால் அந்த உழைப்பு தேர்வுக்குப் பயன்படாது.